பத்தாவது பாட்டுக்கு இடி இல்லை

“அந்த ‘டொம் டொம்’ யாருப்பா போடறது? முதல்ல அந்த ஆளைக் கண்ணுல காட்டுங்க!”

மெம்ஃபிஸிலிருந்து காரோட்டி வந்திருந்த ரெக்கார்டு கம்பெனிக்காரர் கிரியர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் கேட்டார். மாடி அறையில் நின்றிருந்த நான்கு இளைஞர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவரு கீழ் ரூம்ல இருந்துதான் வாசிப்பாரு சார். கொஞ்சம் கூச்ச சுபாவம்,” என்றான் ஹாலிஸ். குழுவுக்குப் பாடகனும் கிடாரிஸ்டும் அவன்தான். அதனால் பொய் சொல்லும் பொறுப்பும் அவன் தலையிலேயே விழுந்திருந்தது.

“இருக்கட்டும், பெரிய கலைஞர்னா அப்படித்தான். ஒண்ணு சொல்லிடறேன் தம்பி. ப்ளூஸையும் நாட்டுப்புறப் பாட்டையும் ராக்கையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கறவன் அலபாமாவுல தெருவுக்கு நாலு பேர் இருக்கான். உங்க டேப்புல கிடார் கரகரங்குது, நீ பாதி வார்த்தையை முழுங்கிடற. ஆனா அந்த இடி இருக்கே, வீட்டுத் தரையே அதிர்ற மாதிரி! ஒன்பது பாட்டுலயும் கேட்டேன், சொக்கிப்போயிட்டேன். ரெக்கார்டுக்குப் பத்துப் பாட்டு வேணும், பத்தாவதை இப்ப என் எதிர்ல வாசிங்க. இடி இருந்தா இன்னிக்கே கையெழுத்து. இல்லேன்னா டேப்பைக் குடுத்துட்டுக் கிளம்பிடுவேன்.”

மூன்று வருடமாக ஊர் ஊராக, பார் பாராக, பறந்துவரும் பாட்டிலுக்குக் குனிந்தபடி பாடிச் சேர்த்த வாய்ப்பு இது. இது கைநழுவினால் மறுபடி மரமறுக்கும் மில்லுக்குத்தான் போக வேண்டும். அதை நினைத்தாலே ஹாலிஸுக்கு அழுகை வந்தது.

அந்த இடி யாருடையது என்பது நான்கு பேருக்கும் நன்றாகத் தெரியும். கீழ்வீட்டு மிஸ் வெர்னெல் துணி மில்லில் இரவு ஷிப்ட் பார்ப்பவள், பகலில்தான் தூங்குவாள். மாடியில் இவர்கள் ஆரம்பித்ததும் துடைப்பக் கம்பை எடுத்துத் தன் வீட்டு மச்சில் குத்துவாள். இவர்களோ ஸ்டாண்டு வாங்க வக்கில்லாமல் மைக்கைத் தரையில் வைத்திருந்தார்கள். அவள் போட்ட இடியும் டேப்பில் ஏறிக்கொண்டது. மறுபடி வாசித்துப் பதியவும் வேறு டேப் இல்லை என்று அப்படியே அனுப்பி வைத்திருந்தார்கள்.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் கிரியர்.

டிரம்ஸ் வாசிக்கும் ராய்ஸ் இரண்டு பியரை உள்ளே தள்ளாமல் குச்சியைத் தொட்டதே கிடையாது. இன்று கிரியரைப் பார்த்த பயத்தில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பரீட்சை எழுதுகிறவன்போலக் குனிந்த தலை நிமிராமல் வாசித்தான்.

பாட்டு முடிந்தது. கிரியர் தரையைப் பார்த்தார்.

“எங்கப்பா இடி?”

“அவருக்குக் கை சூடேறணும் சார். இன்னொரு தடவை வாசிக்கறோம்.” ஹாலிஸ் நகர்ந்து வந்து ராய்ஸின் காதில் கிசுகிசுத்தான். “டேய், அந்தம்மா வீட்டுல இல்லையாடா?”

“கார் வாசல்லதான் நிக்குது. எல்லாம் உன்னாலதான்! பாவம்னு சொல்லி, ஞாயித்துக்கிழமை பீச் பழக் கேக் எடுத்துட்டுப் போய் மன்னிப்புக் கேட்டியே, அதான் மனசு இளகிடுச்சு. நல்லாக் கோவமா இருந்த பொம்பளையைக் கெடுத்துட்டியே!”

“சரி, மறுபடி கோவப்படுத்துவோம்.”

இரண்டாம் தடவை ஆம்ப்ளிஃபயரைக் கடைசிவரை திருகினார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, எதிர்வீட்டு நாய் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஊளையிட்டது. கீழே சத்தமே இல்லை.

மூன்றாம் தடவை ஹாலிஸ் பூட்ஸ் காலோடு தரையில் எகிறிக் குதித்தபடியே பாடினான். போதாக்குறைக்கு, மிஸ் வெர்னெல் போகும் பாப்டிஸ்ட் சர்ச்சுப் பாதிரியாரின் தொப்பையைப் பற்றி நாலு வரி சொந்தமாகச் சேர்த்துக் கத்தினான். அதற்கும் கீழேயிருந்து பதில் இல்லை.

கிரியர் கார்ச் சாவியை எடுத்தார். “நல்ல பசங்கதான்பா நீங்க. ஆனா...”

“ரெண்டே நிமிஷம் சார், கையோட கூட்டிட்டு வரேன்!”

ஹாலிஸ் படிகளில் தடதடவென்று ஓடி இறங்கி, மிஸ் வெர்னெலின் கதவைப் படபடவென்று தட்டினான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது.

“மிஸ் வெர்னெல், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், இன்னிக்கு ஒரே ஒரு நாள் மச்சை இடிங்க! எங்க நாலு பேர் பொழைப்பே உங்க கையிலதான் இருக்கு. அவ்வளவு சத்தம் போட்டோமே, உங்களுக்குக் கோவமே வரலையா?”

கலைந்த தலையும் பாதி திறந்த கண்ணுமாக அவள் கதவில் சாய்ந்து நின்றாள்.

“சத்தமா? நூறு தறிக்கு நடுவுல நின்னுக்கிட்டே தூங்கறவ நான், சத்தம் என்னை என்னடா பண்ணும்? தினமும் உங்க டிரம்ஸ்காரன் தாளத்தைக் கோட்டை விடுவான், காது பொறுக்காம கம்பெடுத்துச் சரியாத் தட்டிக் காட்டிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் அந்தப் புள்ள ஒரு இடம் பிசகாம வாசிச்சான், நிம்மதியாக் கண்ணசந்தேன், அதுக்குள்ள வந்து எழுப்பிட்டியேடா பாவி!”