சித்திரை பிறக்கட்டும்

“ஏத்தா இந்து, சூப்பர்வைசர் வாராரு! பைக் சத்தமே இல்ல, பூனை கணக்கா நடந்து வாராரு. வெரசா ஒளிச்சு வையி!”

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் சன்னல் வழியாகச் சொல்லி முடிப்பதற்குள் இந்து மாவுக் கையோடு எழுந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அதுவும் சத்தம் காட்டாமல் வருகிறார் என்றால், கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வருகிறார்.

தேயிலைத் தோட்டம் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீடுகளில் ஒன்று அது. ஒரு அறை, ஒரு அடுப்படி. அந்த அடுப்படியில்தான் அவள் குமுளி ஓட்டல்களுக்குச் சப்பாத்தி தேய்த்துக் கொடுத்து வந்தாள். லயத்தில் வியாபாரம் செய்யக்கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். மீறினால் வேலையும் போகும், வீடும் போகும்.

போன மழைக்காலத்தில் கடைசி வீட்டு வேல்முருகன் வாசலில் ஒரு பெட்டிக்கடை போட்டான். இதே சூப்பர்வைசர் பாண்டித்துரை கொட்டும் மழையில் நின்று, அவன் வீட்டுச் சட்டி பானைகளை வெளியே எறிய வைத்தார். “லயம் என்ன ஒங்கப்பன் கட்டுன பஜாரா?” என்று அவர் போட்ட சத்தம் கீழே ரோடு வரைக்கும் கேட்டது.

இந்து மாவு மூட்டையைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பலகையையும் கட்டையையும் போர்வைக்குள் சுருட்டினாள். தேய்த்து அடுக்கியிருந்த சப்பாத்தியை எங்கே வைப்பது? அவள் புருஷன் பொன்ராஜ் தகரப் பெட்டியைத் திறந்தான். கல்யாணப் பட்டுச்சேலையின் மேல் சப்பாத்தி அடுக்கு ஏறி உட்கார்ந்தது.

“ஒளிக்கிறது ஒளிக்கிறே, மொதல்ல ஒம் மூக்குல இருக்க மாவத் தொடைடி,” என்றாள் மூக்கம்மாள்.

பொன்ராஜ் சிரிக்கவில்லை. “யாரு போயிச் சொல்லியிருப்பா அவர்ட்ட?”

இந்து பெட்டி மூடியை அழுத்திச் சாத்தினாள். அவள் செய்துவிட்டு வந்த காரியம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

சப்பாத்தி மெஷின் வாங்கப் பஞ்சாயத்து ஆபீஸ் வழியாக அரசாங்க மானியம் கிடைக்கும். அதை எப்போது கேட்பது என்பதில்தான் இரண்டு பேருக்கும் ஒரு மாதமாக இழுபறி.

“சித்திரை பொறக்கட்டும். குமுளியில கம்பத்துக்காரர் ரூம் காலியாகும், அத வாடகைக்குப் பிடிச்சு அந்த அட்ரசப் போட்டுக் குடுப்போம். லயத்து அட்ரசுல குடுத்தா விசாரிக்க இங்கதான் வருவாங்க. அன்னைக்கே நம்ம கத முடிஞ்சிரும்,” என்பான் பொன்ராஜ்.

ஆபீசில் இருந்த மலையாளத்துப் பெண்ணோ வேறு சொன்னாள். “மார்ச்சுக்குள்ள தரணும் சேச்சி. அது கழிஞ்சா ஃபண்டு இல்லா.”

நேற்று, பல் வலி என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் போன இந்து, லயத்து விலாசத்தையே எழுதி மனுக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது.

பாண்டித்துரை எந்த லயத்துக்குள்ளும் கால் வைக்காதவர். வாசலில் நின்றுதான் அதட்டுவார். இன்றைக்குத் தலையைக் குனிந்து உள்ளே வந்தார்.

“கதவச் சாத்து பொன்ராசு.”

கதவு சாத்தியதும் அறை இருண்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கால் மாவு மூட்டையில் இடித்தது. குனிந்து பார்த்தார், காலை நகர்த்தி வைத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட இந்துவுக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

“நேத்துப் பஞ்சாயத்து ஆபீசுல ஒன்னய நான் பாத்தேன்,” என்றார் அவளிடம்.

“அவ பல்லு டாக்டர்ட்டல்ல சார் போனா?” என்ற பொன்ராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலை கவிழ்ந்ததைக் கண்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. “அடிப்பாவி! குடுத்துட்டியா?”

“மானியத்துக்குத்தான?” என்றார் பாண்டித்துரை.

“ஆமா சார்.”

“எந்த அட்ரசு போட்டே?”

“இந்த... இந்த லயந்தான் சார்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

“தப்புத்தான் சார். நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுல போயி திருப்பி வாங்கிட்டு வந்துர்றேன். மெஷினும் வேணாம், மண்ணும் வேணாம். பிள்ளைக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்ச நடக்குது சார். இப்பப் போயி எங்கள வெளிய தள்ளிறாதீங்க.”

“திருப்பி வாங்காத,” என்றார் அவர். “குடுத்தது அங்கயே இருக்கட்டும்.”

அதைச் சாட்சியாக வைத்துத்தான் வெளியேற்றப் போகிறார் என்று அவள் நினைத்தாள். பொன்ராஜ் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

“சார், வேல்முருகனுக்குச் செஞ்ச மாதிரி எங்களுக்குச் செஞ்சிராதீங்க சார்.”

அந்தப் பெயரைக் கேட்டதும் பாண்டித்துரை துண்டால் முகத்தைத் துடைத்தார். சாத்திய கதவை ஒரு தடவை பார்த்தார், சன்னலை ஒரு தடவை பார்த்தார். மூக்கம்மாளின் காதுக்குக்கூட எட்டாத குரலில் இந்துவிடம் கேட்டார்:

“தோட்டத்தப் பூட்டப் போறாங்கம்மா... எம் பொஞ்சாதி பேருலயும் அந்த மானியத்துக்கு மனுக் குடுக்க இன்னும் நாள் இருக்கா?”