கொடி கட்டிய வீடு

"கொடி கட்டினீங்கல்ல, அந்தக் கட்சிக்கிட்டயே போய் அரிசி கேளுங்கம்மா."

கட்சிக் கிளைத் தலைவர் ராமசாமி சத்தம் போடாமல்தான் சொன்னார். ஆனாலும் வெள்ள நிவாரணப் பொருளுக்காக மண்டபத்தில் வரிசையாக நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

தனலெட்சுமி நகரவில்லை.

"வெள்ளம் கட்சி பாத்தா வந்துச்சு தலைவரே? எங்க வீட்லயும் முழங்கால் தண்ணி வந்து நேத்துதான் வடிஞ்சது. பிள்ளைங்க ரெண்டும் வெறும் பிஸ்கட்ல இருக்குதுங்க."

"அதெல்லாம் சரி லா. தேர்தல் நேரத்துல உங்க வீட்டுத் தூண்ல பறந்துச்சே, அது யார் கொடி? யாரு கட்டினது?"

அவளுக்குப் பின்னால் நின்ற குணவதி தலையைக் குனிந்துகொண்டாள். சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் அவர்கள் இருவருடையதும் நடுச்சுவர் ஒன்றான ஒட்டுவீடு. வாசல் தூண் இரண்டு வீட்டுக்கும் பொது.

தனலெட்சுமி ஒருமுறை திரும்பி குணவதியைப் பார்த்தாள். பிறகு தலைவரிடம், "நான்தான் கட்டினேன்," என்றாள்.

"அப்புறம் என்ன? அடுத்த ஆளு வாங்க."

குணவதிக்கு மூச்சு வந்தது. கொடி ஏறிய அன்றைக்கு அவள் கணவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தபோது அது பறந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் வேலைதான் என்று அப்போதே நினைத்தாள். இப்போது அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

அரிசி மூட்டையையும் எண்ணெயையும் சார்டின் மீன் டின்களையும் குணவதியின் கையில் கொடுத்தபோது, தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்களுக்குப் பங்கு போயிடக் கூடாது, பாத்துக்குங்க. அப்புறம் அண்ணனோட வேனுக்கு நான் பொறுப்பில்ல."

குணவதியின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. டயாலிசிசுக்கு அவரைப் புக்கிட் மெர்தாஜாமுக்கு ஏற்றிப்போய் இறக்குவது கட்சியின் இலவச வேன்தான். அது நின்றால் வாடகைக் காருக்கு அவளிடம் பணமில்லை.

அன்று சார்டின் தாளிக்கும்போது குணவதி பின்கதவைச் சாத்திக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தனலெட்சுமியின் சின்ன மகள் சிணுங்குவது கேட்டது. ஒரு கிண்ணத்தில் சோறு போட்டு எடுத்தாள். வாசல்வரை போனாள். எதிர்வீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டாள்.

'பொம்பளைக்கு எதுக்கு இந்தக் கட்சி, கொடி எல்லாம்? புருஷன் லாரியோட ஜொகூர் வெள்ளத்துல மாட்டிக்கிட்டிருக்கான். சும்மா இருந்திருக்கலாம்ல?'

இப்படி நினைத்துக்கொண்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

மறுநாள் ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் தனுஜா. மனித உரிமை அமைப்பில் வேலை செய்கிறவளாம். தனலெட்சுமியிடம் பேசிவிட்டு நேராகக் குணவதியிடம் வந்தாள்.

"அக்கா, அந்த அரிசி பொதுமக்கள் குடுத்தது. எந்தக் கட்சியோடதும் இல்ல. யாருக்கும் இல்லன்னு சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. ஆனா பாத்தவங்க ஒருத்தராவது சொன்னாதான் நாங்க கேக்க முடியும். நீங்க பின்னாலயேதான் நின்னீங்களாமே?"

"எனக்கு ஒன்னும் தெரியாதும்மா."

"உங்க பேரு வெளிய வராது அக்கா."

"தெரியாதுன்னா தெரியாதுதான். அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம். ஏதாவது பேசியிருப்பா. வாங்கிக் கட்டிக்கிட்டா."

தனுஜா அடுத்தடுத்த வீடுகளுக்குப் போனாள். வேறு யாரும் அவளிடம் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் தனலெட்சுமி பிள்ளைகளோடு கிளம்பிவிட்டாள். கெப்பாலா பத்தாசில் அவளுடைய அக்கா இருக்கிறாள். அக்கா அனுப்பிய காரில் ஏறப்போனவள் குணவதி வாசலில் நிற்பதைப் பார்த்து வந்தாள்.

குணவதிக்கு உள்ளே ஓடிவிடலாம் போலிருந்தது. நேற்று மண்டபத்தில் பேசாமல் நின்றதைக் கேட்பாள், தனுஜாவிடம் சொன்னதைக் கேட்பாள் என்று நினைத்தாள்.

"அண்ணனைப் பாத்துக்குங்க அக்கா. வரேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் குணவதியின் மகன் கோகுலன் வந்தான். பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். அப்பாவைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

"தனம் அக்கா வீடு பூட்டியிருக்கே. அவங்க எங்க போனாங்கம்மா?"

"அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா. இங்க சாப்பாட்டுக்கு வழியில்ல. தலைவரு அரிசி குடுக்கமாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"எதிர்க்கட்சிக் கொடி கட்டினா குடுப்பாங்களா? எல்லாரு முன்னாலயும் நான்தான் கட்டினேன்னு சொல்றா. பயமே இல்ல அவளுக்கு."

கோகுலன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான்.

"அவங்க கட்டலம்மா."

"அவளே சொன்னாடா. என் காதால கேட்டேன்."

"கட்டினது நான். நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருந்த அன்னைக்கு, லீவுல வந்தப்ப."

குணவதி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது... தனத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. 'வேணாம் தம்பி, உங்கப்பாவோட வேன் நின்னுடும்'னு அப்பவே சொன்னாங்க. நான்தான் கேக்கல."