நெற்றிச் சிலுவை

வலப்பக்கம் செயலிழந்து இஞ்ஞாசி கட்டிலோடு கிடக்கத் தொடங்கியதிலிருந்து அவர் மனைவி திரேசம்மாளுக்கு அந்த நினைப்பு வரும். முதுகுப் புண்ணைத் துடைக்கும்போது வரும், மூத்திரத் துணியைப் பிழியும்போது வரும்: இந்த மனுசன் போய்ச் சேர்ந்தால் தேவலை. வந்த உடனே பெருவிரலால் தன் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு அதை விரட்டுவாள். வாய்திறந்து ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. தனக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும் என விட்டுவிட்டாள். பார்க்க வந்த கோயில் உபதேசியார்கூட அப்படித்தான் நம்பி, "புண்ணியவதி" என்றார்.

அன்று காலை ஒரு கையில் கஞ்சிக் கிண்ணம், மறு கையில் கரண்டி. ஊட்டிய கஞ்சி அவர் கடைவாயில் வழிந்து, அப்போதுதான் மாற்றிய போர்வையில் இறங்கியது. கிண்ணத்தை எங்கே வைப்பது என்று அவசரமாகத் திரும்பினாள்.

அதற்குள் இஞ்ஞாசியின் இடக்கை எழுந்தது. பெருவிரலை அவள் நெற்றியில் வைத்து, மேலிருந்து கீழாகவும் பிறகு குறுக்காகவும் மெல்ல இழுத்தார்.

"வந்துட்டுதா, திரேசு?" என்றார் குழறலாக. "ஒனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்குல்ல. இந்தத் தடவ நானே போட்டுவிடுறேன்."

பிறகு அடுத்த கரண்டிக்காக வாயைத் திறந்தார். அவளுக்குக் கை எழவில்லை.