படகுக்காரர் கேட்ட கேள்வி

ஓர் ஊருக்கு ஒருவர் போனால் பதினெட்டுப் பேர் ஓடிவந்து பேசுகிறார்கள். இன்னொருவர் போனால் ஈ, காக்கைகூட இல்லை. ஊர் ஒன்றுதான். அது எந்த ஊர், சொல்லுங்கள் பார்ப்போம்?

அந்த ஊர் ஒரு வீடியோ கேம் டிஸ்க்குக்குள் இருந்தது. டிஸ்க்குக்கு அன்று மனமே சரியில்லை. பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாகக் கடைக்காரர் சொன்ன கெடு அன்று மாலையோடு முடிகிறது. அக்காவும் தங்கை கயலும் அந்த கேமைத் தனித்தனியாக ஆடியிருந்தார்கள். அக்காவின் வெள்ளைக் கன்ட்ரோலரும் கயலின் கறுப்புக் கன்ட்ரோலரும் காலையிலிருந்து ஓயாமல் சண்டை போட்டன.

“இதெல்லாம் ஒரு கேமா? ஊர் பூராவும் காலி. பேச ஓர் ஆள் இல்லை!” என்றது கறுப்பு.

“உளறாதே! குயவர் வீட்டில் எங்களுக்குச் சோறே போட்டார்கள்,” என்றது வெள்ளை.

“சார்ஜ் குறைந்ததும் கனவு காண ஆரம்பித்துவிட்டாயா?”

டிஸ்க்குக்குப் பொறுக்கவில்லை. “ஆற்றங்கரையில் படகுக்காரர் உங்களிடம் என்ன கேட்டார்?” என்றது கறுப்பிடம்.

“யாருக்குத் தெரியும்? அவர் வாயைத் திறந்ததுமே பொத்தானை அமுக்கிவிட்டோம். அதையெல்லாம் படிக்க ஏது நேரம்?”

“‘ஊருக்குள் வெள்ளம் வருகிறது. ஊர்க்காரர்களை ஏற்றிவரட்டுமா, உன்னை முதலில் அக்கரையில் விடட்டுமா?’ என்று கேட்டார். நீங்கள் அமுக்கிய பொத்தான் உங்களை முதலில் கொண்டுபோய் விடச் சொன்னது. வெள்ளம் வடிந்தபோது ஊரில் ஒருவரும் இல்லை.”

“கயலுக்கு இது தெரியாதே,” என்றது கறுப்பு மெதுவாக.

கயல் வந்தாள். டிஸ்க்கை உறையில் போட்டாள். அதைக் கடையில் கொடுத்துவிட்டு, கார்ப் பந்தய டிஸ்க் ஒன்றை வாங்கி வந்தாள்.