ஒரே உரசு

சுமையை இன்னொருத்தன் முதுகில் ஏற்றிவிட்டு, கைடுக்குப் பின்னால் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து திரும்பியதிலிருந்து, ஜவுளிக்கடை சுந்தரபாண்டியனுக்குக் கோவில்பட்டியில் எல்லாரும் எறும்பாகத்தான் தெரிந்தார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஜெயகிருஷ்ணன், தன் மகன் மாதவனுக்கு அவர் மகளைப் பெண் கேட்டு வந்தபோதும் அப்படித்தான்.

“உம்ம பய இந்தா பக்கத்துல இருக்க மணியாச்சியைத் தாண்டியிருக்கானா வே? உம்ம தீப்பெட்டியும் அப்படித்தான். சாரல் விழுந்தாலே நமத்துப் போவுது.”

கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். மேலே பனிமலைப் படம், கீழே நேபாளி எழுத்து.

“மூச்சுவிடவே ஏலாத உசரத்துல ஒரு டீக்கடை. கடைக்காரி ஒரே உரசுதான் உரசுனா, அந்தப் பனிக்காத்துலயும் குப்புனு பத்திக்கிட்டு! கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். இப்படி ஒரு பெட்டி நீரு செஞ்சு காட்டும், கண்ணை மூடிக்கிட்டுப் பொண்ணைத் தாரேன்.”

ஜெயகிருஷ்ணன் உள்பெட்டியை உருவித் திருப்பிக் காட்டினார். அடியில், கோவில்பட்டி முகவரியோடு அவருடைய ஆபீஸ் முத்திரை.

“மாதவன் காட்மாண்டு வரைக்கும் அலைஞ்சு பிடிச்ச ஆர்டர் அண்ணாச்சி. லேபிள் மட்டுந்தான் அவிய பாஷையில ஒட்டுதோம்.”

ஜெயகிருஷ்ணன் பெட்டியை மூடி அவர் கையில் வைத்தார்.

“சரி, இப்ப கண்ணை மூடிக்கிடுங்க.”