கடைசி நாள் கொம்பன்

"மூச்சு வாங்குதுன்னா உட்காரு மெர்ல். மலை எங்கேயும் ஓடிடாது."

"மலை ஓடாது. எல்க் மான் ஓடிடும்," என்றார் மெர்ல். சொன்னவரே அடுத்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது.

அவர் மனைவி நெட்டி தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். மேற்கொண்டு பேசினால் அழுதுவிடுவாள்.

செப்டம்பர் வேட்டையின் கடைசி நாள். குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்குகிற பழைய மாதிரித் துப்பாக்கிக்காரர்களுக்கென்றே விட்ட நாட்கள். ஒரு குண்டு, ஒரு வெடி. தப்பினால் தப்பியதுதான். அந்தத் துப்பாக்கியால் கொம்புள்ள எல்க் மான் ஒன்றைச் சாய்த்துவிட வேண்டும் என்று மெர்லும் வருஷா வருஷம் இந்தக் கொலராடோ மலையில் ஏறி இறங்குகிறார். இன்னும் கொடுப்பினை இல்லை.

இதற்கிடையில், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யாவிட்டால் அடுத்த பனிக்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷன் ஒரே பிடியாக மறுத்துவிட்டார்.

"ஒரு கொம்பனை அடிச்சிட்டேன்னா எனக்கு வேற ஆசை இல்ல நெட்டி. அப்புறம் எதுக்கு என்னை அறுத்துத் தைக்கணும்? கிடைக்கலைன்னா சொல்லு, யோசிப்போம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நெட்டி அதையே பிடித்துக்கொண்டாள். நேற்றுச் சாயங்காலம் அவர் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போன சமயம், கெட்டித்து வைத்திருந்த துப்பாக்கியிலிருந்து குண்டைத் திருகி வெளியே எடுத்தாள். வெடிமருந்தைப் புல்லில் கொட்டினாள். குண்டை மட்டும் பழையபடி இடித்து இறக்கி வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து கூடவே வேட்டைக்கு வருகிறவளுக்கு அது ஒரு வேலையா என்ன?

"ஊது," என்று கிசுகிசுத்தார் மெர்ல்.

பெண் எல்க் மாதிரி ஊதிக் கொம்பனை வரவழைப்பது எப்போதும் நெட்டியின் வேலை. வேண்டுமென்றே கெடுத்து ஊதலாம்தான். ஆனால் அவர் காது அதைக் கண்டுபிடித்துவிடும். நன்றாகவே ஊதினாள்.

கீழே பள்ளத்திலிருந்து நீளமாக ஒரு சீழ்க்கை பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் புதரை விலக்கிக்கொண்டு அவனே வந்து நின்றான். அப்படி ஒரு கொம்பனை அவர்கள் இருவருமே அதுவரை பார்த்ததில்லை. கூப்பிடு தூரம்கூட இல்லை. விலாவை முழுசாகக் காட்டிக்கொண்டு நின்றான்.

மெர்ல் முழங்காலில் அமர்ந்து குறிபார்த்தார். நெட்டி அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணத்தன்று சர்ச்சில் அவளுக்காகக் காத்து நின்ற அதே முகம். அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

'டிக்'கென்றது. மருந்தைப் பற்றவைக்கிற சின்னக் கேப் மட்டும்தான் வெடித்தது. கொம்பன் ஒரே தாவலில் மறைந்துவிட்டான்.

மெர்ல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டார். "வெடிமருந்து போட மறந்துட்டேன் போல," என்றார்.

"யாருக்கும் வர்றதுதான்," என்றாள் நெட்டி.

வெடிமருந்தை மறந்தவன்தான் அன்றைக்கு எல்லாப் பாத்திரங்களையும் கழுவ வேண்டும் என்பது அவர்கள் முகாமின் சட்டம். கூட வந்திருந்த டூலிக்குச் சொல்லவா வேண்டும்?

"ஏன்டா மெர்ல், பேன்ட் போட மறக்கலையே? அந்த மட்டும் சந்தோஷம். அந்தச் சட்டியை நல்லாத் தேய், அடிப்பிடிச்சிருக்கு."

"சிரிடா, சிரி. எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது."

நெட்டிக்குச் சுருக்கென்றது. கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்டவர் அந்த அப்பா. மெர்ல் இந்த உலகத்தில் பயப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

"அடுத்த வருஷம் அவனை விடமாட்டேன்," என்றார் மெர்ல்.

"அதுக்கு நீ இருக்கணுமேடா." சொல்லிவிட்டு டூலி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இருப்பேன். ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட போறேன். அறுத்துத் தைக்கட்டும்."

டூலி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் குதிரைகளுக்குத் தீனி வைக்கப் போனான். நெட்டி கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். கேட்டும் அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. மெர்ல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ எதையும் மறக்கல மெர்ல். உனக்கு உங்கப்பா வியாதியெல்லாம் இல்ல. நான்தான் நேத்து வெடிமருந்தை எடுத்துக் கொட்டிட்டேன். நீ போயிடுவியேன்னு பயமா இருந்துச்சு." அழுகை உடைத்துக்கொண்டு வந்தது.

அவர் சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலையில நீ காபி போடறப்ப, என்னமோ தோணிச்சு, கோலை விட்டுப் பாத்தேன். ஒரு விரக்கடை கூடுதலா இறங்குச்சு. உள்ள வெறும் குண்டுதான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் திரும்பப் போடல?"

மெர்ல் ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் துடைத்தார். கன்னம் இன்னும் நனைந்ததுதான் மிச்சம்.

"வேற எவனாவது எடுத்திருந்தா போட்டிருப்பேன்."