மூணாவது சிலிண்டர்

பழைய கார் ஒன்றை விலை பேச வந்த நர்ஸம்மாவுக்கு, அதன் டிரைவரைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை.

வண்டியைப் பற்றி எதைக் கேட்டாலும் ஓனர் முகத்தைப் பார்த்தார். "நல்லா ஓடும் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஓனரோ தங்கமான மனிதராகத் தெரிந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பக்கவாதத்தில் படுத்த கணவரை வாரம் மூன்று நாள் சிகிச்சைக்குக் கூட்டிப்போகத்தான் வண்டி என்றதும், "உங்களுக்குன்னா விலையைப் பார்த்துச் செய்யலாம்மா" என்றார்.

அவள் கூட்டி வந்திருந்த மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். சத்தம் சீராக இருந்தது. பானெட்டை மூடப் போனார்.

அந்த நேரம் ஓனருக்கு போன் வந்தது. அவர் கேட் பக்கம் நகர்ந்ததும், டிரைவர் மெக்கானிக்கின் காதில் என்னவோ சொன்னார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போலக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நர்ஸம்மா பார்த்துவிட்டாள். கமிஷன் பேசுகிறான், என் ஆளையே வளைக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் மெக்கானிக் பானெட்டை மூடவில்லை. "எதுக்கும் ஒவ்வொரு சிலிண்டர்லயும் அழுத்தம் சரியா இருக்கான்னு கம்ப்ரஷன் பார்த்துடுறேன் அக்கா" என்றார்.

அந்த வேலையெல்லாம் எதற்கு என்று ஓனர் திரும்பி வந்து தடுத்தார். தேவையில்லை என்று டிரைவரும் ஒத்து ஊதினார். மெக்கானிக் காதில் வாங்கவில்லை. பெட்ரோலும் கரண்டும் போகாமல் துண்டித்து, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். டிரைவரை நம்ப மனமில்லாமல் நர்ஸம்மாவே உள்ளே உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்து சாவியைத் திருப்பினாள்.

முதல் சிலிண்டரில் அழுத்தத்தை அளக்கும் கேஜ் நூற்று அறுபது காட்டியது. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதில் முள் எண்பதோடு நின்றுவிட்டது. நான்காவதில் குறையில்லை. மூன்றாவதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார். முள் எண்பதைத் தாண்டவில்லை.

"பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருந்தா ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறும். ஏறல. வால்வு சரியா மூடல அக்கா. பெரிய செலவு. வழியில எங்கேயாவது நின்னுடும்."

தனக்கே தெரியாதே என்று ஓனர் வருத்தப்பட்டார்.

கிளம்பும்போது நர்ஸம்மா அவரிடம் தனியாகப் போனாள். "உங்களைப் பார்த்தா நல்லவரா தெரியுது, அதனால சொல்றேன். நீங்க போன் பேசப் போனதும் உங்க டிரைவர் எங்க ஆள் காதுல என்னமோ ஓதினார். ஜாக்கிரதையா இருங்க."

ஓனர் டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். "சொன்னதுக்கு நன்றிம்மா."

பஸ் ஸ்டாப்புக்கு வந்ததும் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் எவ்வளவு தருவதாகச் சொன்னான் என்று கேட்டாள்.

மெக்கானிக் விழித்தார். "அவரா? சத்தத்தைக் கேட்டு நான்தான் ஏமாறப் போனேன் அக்கா. வண்டி நிக்கும்போது எஞ்சின் ஓடுற ஐடிலிங் வேகத்தைக் கூட்டி வச்சு நடுக்கத்தை மறைச்சிருக்காங்க. எல்லாம் ஓனர் வேலை. 'மூணாவது சிலிண்டரைப் பாரு, அந்தம்மா பாவம். நான் சொன்னது தெரிஞ்சா என் வேலை போயிடும்'னு அவர்தான் சொன்னார்."

நர்ஸம்மா வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

கால் மணி நேரம் கழித்து டிரைவரே அந்த ஸ்டாப்புக்கு நடந்து வந்தார். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கையில் மாற்றுச் சட்டை வைத்த பை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"எப்படியோ ஓனருக்குத் தெரிஞ்சுபோச்சு. பரவாயில்ல, நீங்க தப்பிச்சீங்களே மேடம்."